துத்தநாகம் இல்லாத இடம்

என் வெள்ளி அரைஞாண் கொடியை நானே கட்டிங் பிளேயரால் அறுத்துப் போட்டேன். எல்லாவற்றையும் அங்கிருந்து சொல்வதுதான் நியாயம். நோய் அதற்கு முன்பே வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் நோயைவிட என்னை அதிகம் ஆட்டிவைத்தது, அதற்கு நானாகச் செய்துகொண்ட வைத்தியம்.

எனக்கு அறுபத்தொரு வயது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீடு. சரிகை பரிசோதிப்பது தொழில். பட்டுப்புடவைக்குப் போகிற சரிகையில் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வேன். இப்போது அதற்கு மெஷின் இருக்கிறது. எக்ஸ்ரே கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஒரு கதிரைத் திருப்பி அனுப்பும். மெஷின் அதை எண்ணி, இது இத்தனை சதவீதம், அது இத்தனை என்று காட்டிவிடும். மெஷின் வருவதற்கு முன் உரைகல்லும் என் பல்லும்தான். சரிகை நுனியைக் கடித்து இழுத்துப் பிரித்து உள்ளே இருக்கும் சிவப்பு நூலைப் பார்ப்பேன். மெஷின் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கை சும்மா இருந்தால் வாய் ஒரு நுனியைத் தேடும்.

வியாபாரிகள் எவ்வளவு கெஞ்சினாலும், வந்த எண்ணைக் கூட்டியோ குறைத்தோ சொன்னவனில்லை நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

போன வருஷம் சிறுநீர் போவதில் தொந்தரவு தொடங்கியது. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் போகவேண்டும் போலிருக்கும். வயதாகிவிட்டது என்று விட்டிருப்பேன். என் மகள் வாணி விடவில்லை. அவளை ஏனாத்தூரில் கொடுத்திருக்கிறோம். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்பன் சரிகையைப் பரிசோதிக்கிறான், மகள் ரத்தத்தைப் பரிசோதிக்கிறாள் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள்.

"ஒரு ஊசிதான்பா. கைய நீட்டு," என்றாள்.

பி.எஸ்.ஏ. என்று ஒன்று பார்த்தாள். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. விந்துக்கான திரவத்தில் ஒரு பங்கு அங்கே ஊறுகிறது. அதில் உண்டாகும் ஒரு புரதம் கொஞ்சம் ரத்தத்தில் கசியும். அந்தப் புரதத்தின் அளவுதான் பி.எஸ்.ஏ. அது கூடினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. வீக்கத்தாலும் கிருமியாலும்கூடக் கூடும். நாலுக்குள் இருக்கவேண்டியது, எனக்குப் பதினொன்று வந்தது. அறுபத்தொரு வருஷம் என்னோடு இருந்த உறுப்பின் பெயரையே நான் அன்றுதான் முதல்முறை கேட்கிறேன்.

சென்னை போகும் வழியில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சிறுநீரகப் பிரிவின் வெளியே நீளமான பெஞ்சு. எல்லாரும் என் வயது ஆண்கள், பக்கத்தில் மனைவிமார். பெண்கள் ஊர், உறவு, வியாதி எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டி.வி. ஓடவில்லை.

ஆசனவாய் வழியாக விரலை விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்த்தார் டாக்டர். கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம். ஆனால் அரை நிமிஷ வேலை. பிறகு ஒரு நாள் ஊசியால் பன்னிரண்டு இடத்திலிருந்து மயிரிழை மாதிரி சதை எடுத்தார்கள். வலியை விட அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கட்டு சரிகைக்கு ஒரு நுனியை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்பவன் பரிசோதகனே இல்லை. பன்னிரண்டு எடுத்தார்களே, வேலை தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டில் நாலில் புற்றுநோய் இருந்தது.

"நடுத்தர வேகத்துல வளர்ற வகை. ஆபரேஷன் செஞ்சு சுரப்பியையே எடுத்துடலாம். ஒரு மாசத்துக்குள்ள வாங்க," என்றார் டாக்டர். பிறகு, என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்படியா? உடம்புத் திசுவுல இருக்கற உலோகங்களுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு நம்ம காலேஜ்லயே ஒரு ஆராய்ச்சி நடக்குது," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் நோயின் காரணம் என்ன என்று நானே கண்டுபிடித்துவிட்டேன். என் தொழிலில் கெட்டது என்றால் ஒன்றுதான்: சேரக் கூடாதது சேர்ந்திருப்பது. வெள்ளி இருக்கவேண்டிய இடத்தில் செம்பு ஏறியிருக்கும். முப்பது வருஷம் பல்லால் கடித்துக் கடித்துச் செம்பை விழுங்கியிருக்கிறேன். அது போய் அந்தச் சுரப்பியில் தங்கிவிட்டது. முதலில் அதை வெளியேற்ற வேண்டும், பிறகு ஆபரேஷன் தேவையா என்று பார்க்கலாம். எனக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை.

அன்று மாலையே செப்புக் குடத்தைப் பரணில் ஏற்றினேன். மோதிரத்தைக் கழற்றினேன். அரைஞாண் கொடியின் கொக்கி இறுகிப்போயிருந்தது, கழற்ற வரவில்லை. பிளேயரை எடுத்து அறுத்தேன்.

தலைதீபாவளிக்கு என் மாமனார் போட்ட கொடி அது. எங்கள் பக்கத்தில் ஆணின் இடுப்பிலிருந்து அரைஞாணை அறுப்பது செத்த பிறகுதான். சமையலறையிலிருந்து வந்த என் மனைவி சுலோச்சனா, என் கையில் இரண்டு துண்டாகத் தொங்கியதைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க பண்ணிட்டீங்க? உசுரோட இருக்கிற மனுசன் யாருனா அர்ணாக்கொடிய அறுப்பாங்களா?"

"உள்ள உலோகம் சேந்துட்டுது சுலோ. வெளியவும் எதுக்கு?"

அவள் அந்தக் கொடியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அறுபட்ட இடத்தில் லேசாகச் சிவப்பு தெரிந்ததை நான் பார்த்தேன். என் கண்ணுக்கு அது தப்பாது. சுத்த வெள்ளி இல்லை, செம்பு கணிசமாக இருக்கிறது. 'எங்கப்பா போட்டது சுத்த வெள்ளி' என்று முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவளிடம் அதை எப்படிச் சொல்வது? கேட்காத எண்ணைச் சொல்லவேண்டியதில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டரை மாதம் நான் நடத்தியது ஒரு தனி ஆஸ்பத்திரி. கொத்தமல்லித் தழைச் சாறு உலோகத்தை இழுத்துவிடும் என்று போனில் யாரோ ஒருவர் வீடியோவில் சொன்னார். காலையிலும் மாலையிலும் ஒரு சொம்பு குடித்தேன். இன்னின்ன சாப்பாட்டில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் கிடைத்தது. கறி, முட்டை, கடலை, பூசணி விதை எல்லாவற்றையும் நிறுத்தினேன். மருத்துவமனையிலிருந்து போன் வந்தால், கோயிலில் கருடசேவைத் திருவிழா முடியட்டும் என்றேன். வாணியிடம், தேதி அவர்கள்தான் தள்ளிப்போடுகிறார்கள் என்று பொய் சொன்னேன். எடை ஒன்பது கிலோ குறைந்தது. உலோகம் வெளியேறுகிறது என்று சந்தோஷப்பட்டேன். சுலோச்சனா சாறு பிழியும்போதெல்லாம் அழுவாள். இருந்தாலும் பிழிந்து கொடுத்தாள். நான் அவ்வளவு உறுதியாகப் பேசினால் அவள் என்ன செய்வாள்?

கருடசேவைக்கு வந்த வாணி சொம்பைப் பார்த்தாள், என் கன்னத்தைப் பார்த்தாள், அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வெளியே வந்து என் கையை நீட்டச் சொல்லி ரத்தம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் மாலை காகிதத்தோடு வந்து நின்றாள்.

"பதினேழு புள்ளி எட்டு."

"மெஷின செக் பண்ணியா?"

"காலைல அளவு தெரிஞ்ச கன்ட்ரோல் சாம்பிள் ஓட்டி மெஷின சரிபாத்தேன். ரெண்டு வாட்டி போட்டேன். வந்தது வந்தபடி சொல்றேன்."

வியாபாரிகள் இதே கேள்வியைக் கேட்கும்போது நான் சொல்கிற பதில், சொல் மாறாமல்.

"டாக்டர் தொடர்பு இருக்குதுன்னாருமா. உள்ள கலப்படம் சேந்துட்டுது," என்றேன்.

"சரிப்பா. கலப்படம்னே வெச்சுக்க. கலப்பட சரிகைய கொத்தமல்லித் தண்ணியில ஊற வெச்சா செம்பு போயிடுமா? நீ சொல்லு. முப்பது வருசமா பாத்துக்கினு இருக்கிற இல்ல?" காகிதத்தை என் மடியில் வைத்தாள். "ஆராய்ச்சி நடக்குதுன்னுதானப்பா சொன்னாரு. நீ ஏன்பா முடிவே எழுதிட்ட?"

பத்து நுனி பார்க்காமல் முடிவு சொல்லாதவன், ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு என் உயிருக்கே சீட்டு எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அந்த இரண்டரை மாதத்தில் நோய் எங்கே எங்கே போயிருக்குமோ?

டாக்டர் திட்டவில்லை. பழைய காகிதத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அது திட்டுவதைவிட மோசம். "எலும்புக்குப் போகலைன்னா ஆபரேஷன். போயிருந்தா வேற வழி பார்க்கணும்," என்றார்.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் ஒருவர், உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா, அரைஞாண் கொடி இருக்கிறதா என்று கேட்டார். உள்ளே பெரிய காந்தம். இரும்பு இருந்தால் இழுக்கும், மற்ற உலோகம் சூடாகும். "இல்ல, அறுத்தாச்சு," என்றேன். சுலோச்சனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எலும்பு ஸ்கேன் மறுநாள். கதிர் வீசும் ஒரு மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். மூன்று மணி நேரத்தில் அது எலும்பெல்லாம் போய்ச் சேரும். நோய் போன எலும்பு அதை அதிகமாக இழுத்துக்கொண்டு கறுப்பாகத் தெரியும். அதுவரை நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், யாரோடும் ஒட்டி உட்காரக் கூடாது என்றார்கள். சுலோச்சனா பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைப் பெஞ்சின் மேலேயே என் பக்கம் உருட்டிவிட்டாள். நான் குடித்துவிட்டுத் திருப்பி உருட்டினேன். அவள் போய் நிரப்பிக்கொண்டு வந்து மறுபடியும் உருட்டினாள். மூன்று மணி நேரம் இதே வேலை. ஒருமுறை பாட்டில் உருண்டு கீழே விழுந்தபோது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பலகையில் படுத்தேன். மேலே ஒரு தட்டு தலையிலிருந்து கால்வரை மெதுவாக நகர்ந்தது. பக்கத்துத் திரையில் புள்ளி புள்ளியாக ஏதோ சேர்ந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு எலும்புக்கூடு ஆயிற்று. என்னுடையது. விலா எலும்புகளும் விரல் எலும்புகளும் ஒன்றுவிடாமல் தெரிந்தன. இத்தனை வருஷம் சரிகையின் மேல் கதிரை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தவன் நான். அன்று என் எலும்பிலிருந்தே கதிர் வந்துகொண்டிருந்தது, இன்னொருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயம் கொஞ்ச நேரம் காணாமலே போய்விட்டது. உயிரோடு இருக்கும்போதே தன் எலும்பைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறதே என்று மலைத்துப்போய்ப் படுத்திருந்தேன்.

எலும்பில் ஒன்றுமில்லை. ஆனால் நோய் சுரப்பியின் ஓரத்தை ஒட்டி இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. சொன்னது. "எல்லாத்தையும் எடுத்துட்டோமான்னு ஆபரேஷனுக்கு அப்புறம் பி.எஸ்.ஏ.தான் சொல்லும். மூணு மாசத்துல ஒண்ணுமில்லாத அளவுக்கு இறங்கியிருக்கணும்," என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலை வார்டுக்கு ஒரு பெண் வந்தாள். நஸ்ரின், ஆராய்ச்சி மாணவி, ஆற்காட்டுக்காரி. எடுக்கும் சுரப்பியில் ஒரு சின்னத் துண்டை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா, விருப்பமில்லை என்றாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்று நிதானமாக விளக்கினாள். என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன்.

"துத்தநாகம், செம்பு, இரும்பு எல்லாம் எந்த இடத்துல எவ்வளவு இருக்குன்னு படம் எடுப்போம் சார். எக்ஸ்ரே விட்டு, திரும்பி வர்ற கதிரை எண்ணுவோம்."

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "அது எங்க மெஷின்மா!"

அவளுக்கு முதலில் புரியவில்லை. என் தொழிலைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சரிகை மெஷினில் எத்தனை நொடி வைப்பீர்கள், எத்தனை முறை எடுப்பீர்கள் என்று அவள் கேட்க, அங்கே கதிரை எவ்வளவு மெல்லிசாகக் குவிப்பீர்கள் என்று நான் கேட்க, பக்கத்துக் கட்டில்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். கையெழுத்துப் போட்டேன். "செம்பு எவ்ளோ இருக்குதுன்னு மட்டும் எனக்குச் சொல்லணும்," என்றேன். தன் பேராசிரியர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுப் படத்தைக் காட்டுகிறேன் என்றாள்.

ஆபரேஷன் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கண் மூடினேன், திறந்தேன், வாய் காய்ந்திருந்தது. சிறுநீர்க் குழாயும் பையுமாகப் பன்னிரண்டு நாள். நடக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வெட்கமாக இருந்தது. சுலோச்சனா புடவைக்கடைக் கட்டைப்பை ஒன்றில் அதை வைத்துத் தானே தூக்கிக்கொண்டாள். வராந்தாவில் நான் முன்னால், குழாய் நீளத்துக்குப் பின்னால் அவள். கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டு போகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டு வருவாள்.

குழாயை எடுத்த பிறகு சிறுநீர் நிற்காமல் கசிந்தது. இதை யாரும் வெளியே சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். தும்மினால் வேட்டி நனையும். நாப்கின் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். இடுப்புக்குக் கீழ்த் தசைகளை இறுக்கி விடும் பயிற்சி ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டரை மாதத்தில் பெரும்பாலும் நின்றுவிட்டது.

மூன்றாம் மாதம் போனோம். காலையில் ரத்தம் கொடுத்தேன். முடிவு மதியம் என்றார்கள். அந்த நேரத்தை எப்படிக் கழிப்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது நஸ்ரின் வந்து, படம் வந்துவிட்டது, அனுமதியும் கிடைத்துவிட்டது என்று எங்களைத் தன் அறைக்கு அழைத்துப்போனாள்.

திரையில் என் சுரப்பியின் ஒரு சீவல். துத்தநாகத்தின் படம் அது. துத்தநாகம் கூடின இடம் மஞ்சள், குறைந்தால் நீலம், இல்லையென்றால் கறுப்பு என்றாள். பெரும்பகுதி மஞ்சளாக மின்னியது. ஒரு ஓரத்தை ஒட்டிக் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு.

"அந்த இடத்துல மெஷின் எடுக்கலியாம்மா?" என்று கேட்டேன்.

"எடுத்துருக்கு சார். அங்க துத்தநாகம் இல்ல. அதுதான் கேன்சர்."

நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், அவளும் சலிக்காமல் சொன்னாள். சதைப்பற்றான உறுப்புகளிலேயே துத்தநாகத்தை அதிகமாகச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்ல புராஸ்டேட்தான். அதன் வேலைக்கு அது வேண்டும். புற்றுநோய் ஆகிற செல் அதைச் சேர்த்துவைக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வாளிக்கும் கூரைத் தகட்டுக்கும் பூசுகிற மட்ட உலோகம் என்று நான் நினைத்திருந்த துத்தநாகம்! அதை என் உடம்பு எனக்குத் தெரியாமல், நான் சாப்பிட்ட கடலையிலிருந்தும் முட்டையிலிருந்தும் துளித்துளியாக எடுத்து, அந்த நெல்லிக்காய்க்குள் கொண்டுபோய் இத்தனை வருஷம் காத்து வைத்திருக்கிறது. நானோ அதைத்தான் இரண்டரை மாதம் துரத்தப் பார்த்திருக்கிறேன். சேரக் கூடாதது சேர்ந்ததுதான் கேடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கவேண்டியது போயிருந்தது.

"அப்ப துத்தநாக மாத்திரை சாப்ட்டா?"

"வேணாம் சார். அது போனதால நோய் வந்துச்சா, நோய் வந்ததால அது போச்சான்னே இன்னும் தெரியல. அளவு மீறினா அதுவும் கெடுதல்தான்."

"மேல முலாம் பூசுனா உள்ள வெள்ளி வராது. தெரியும்மா," என்றேன். பிறகு மனதில் இருந்ததைக் கேட்டேன். "செம்பு?"

"இருக்கு. எல்லார் உடம்புலயும் இருக்கு. உங்க வேலையால கூடுச்சான்னு இந்த ஒரு துண்டை வெச்சு என்னால சொல்ல முடியாது."

முடியாது என்பதை முடியாது என்று சொன்னாள் பாருங்கள், அதற்காகவே அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

டாக்டர் அறையில் காகிதம் தயாராக இருந்தது. அவர் அதை என் பக்கம் திருப்பி வைத்தார். புள்ளிக்குப் பிறகு பூஜ்யம், அதன் பிறகு ஒன்று; அதற்கும் கீழே என்று போட்டிருந்தது. "மெஷினால பிடிக்க முடியற அளவுக்குக்கூட இல்ல," என்றார். என் மெஷினில் தங்கத்துக்கு நேரே அப்படி வந்தால் எதிரில் நிற்கிற வியாபாரியின் முகம் வாடிவிடும். எத்தனை முகத்தைப் பார்த்திருக்கிறேன்! நான் வாணிக்குப் போன் போட்டு எண்ணை மட்டும் சொன்னேன். "ரெண்டு வாட்டி போட்டாங்களான்னு கேட்டியாப்பா?" என்றாள். அழுதுகொண்டே சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

இன்னும் சில வருஷம் விட்டு விட்டு ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். திரும்பி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஐம்பது தாண்டியவர்கள் டாக்டரிடம் ஒருமுறை இதைப் பற்றிக் கேளுங்கள். கேட்டதோடு வீட்டுக்கு வந்து நீங்களே டாக்டர் ஆகிவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சுலோச்சனா உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து வந்தாள். அரைஞாண் கொடி. அறுபட்ட இடத்தைப் பத்தரிடம் கொடுத்து எப்போதோ பற்றவைத்து வாங்கியிருக்கிறாள்.

"கைய தூக்குங்க," என்றாள்.

அன்றைக்கு மறைத்ததை இனியும் மறைக்க மனம் வரவில்லை. "சுலோ, அது வந்து, உங்கப்பா போட்டது..."

"தெரியும். பத்தர் சொன்னாரு, செம்பு ஜாஸ்தின்னு."

"எவ்ளோன்னு சொன்னாரா? மெஷின்ல வேணா வெச்சு..."

"இன்னும் எத்தினி நம்பர்தான் பாக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே என் இடுப்பைச் சுற்றிக் கொடியைக் கொண்டுவந்து கொக்கியை மாட்டினாள். மாட்டிவிட்டு விரல்களை விட்டுப் பார்த்தாள். மூன்று விரல் தாராளமாகப் போயிற்று.

"லூசா இருக்குது," என்றேன்.

"சாப்புடுங்க. சரியா பூடும்," என்று சொல்லிவிட்டு, முட்டை வேகவைக்கப் போனாள்.